தறிச் சத்தமும் இசைக்கவையும்

திருத்தணியிலிருந்து பேருந்தில் பொதட்டூர்பேட்டைக்கு வருகிறவர் எவராயினும், இறங்கித் தெருவில் பத்தடி நடப்பதற்குள், வீட்டுக்கு வீடும் கொட்டகைக்குக் கொட்டகையும் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும் விசைத்தறிகளின் ஓசைக்குள் தாம் அகப்பட்டுக்கொண்டதை உணர்வார். பாவு நூல்களுக்கிடையே நாடா ஒரு முனையிலிருந்து எறியப்பட்டு, மறுமுனையில் கட்டையில் மோதி நின்று, மறுகணமே அங்கிருந்து திருப்பி எறியப்படுகிற அந்த மோதல், ஒரு தறியில் மட்டும் நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் நிகழ்கிறது. அப்படிப்பட்ட தறிகள் நாலைந்து ஒரே தகரக் கூரையின் கீழ் ஓடும்போது, பக்கத்தில் நிற்பவரின் செவியருகே வாய் வைத்துக் கத்தினால் ஒழிய ஒரு வார்த்தையும் விளங்காது. ஆனால் அங்கேயே வேலை செய்கிறவர்கள் கத்துவதில்லை. உதட்டசைவையும் புருவத்தையும் கையையும் கொண்டு அவர்கள் சம்பாஷித்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள், வாயை மிகைப்படுத்தி அசைத்துப் பேசும் இத்தகைய பாஷை ஒன்றை உண்டாக்கி, அதற்கு ஒரு பெயரும் இட்டு வழங்கினார்கள் என்பதைப் படிக்கும்போது, ஐயாயிரம் மைல் தூரத்தில் இருந்த இரண்டு ஜனக்கூட்டங்கள், ஒரே யந்திரத்தின் ஒரே ஓசைக்கு ஒரே விதமாக விடை கண்டிருப்பது விளங்குகிறது.

1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி, சித்தூர் மாவட்டத்தை விட்டுத் திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்தோடு இணைந்த நாளுக்குப் பிறகும், தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகிற இந்த எல்லைப்புறத்தில், தறியோடு முப்பது ஆண்டு கழித்த நெசவாளி ஒருவர் காது மருத்துவரைத் தேடி வருவாராயின், அவர் தமக்குக் காது கேட்கவில்லை என்று சொல்வது அபூர்வம். "காது நல்லாத்தான் கேக்குது டாக்டர், சொல்றதுதான் புரியல" என்பார். கூட வந்த மனைவி, "டி.வி.யைத் தெருவுக்கே கேக்கிற மாதிரி வெக்கிறாரு, பேரப்புள்ள பேசினா மட்டும் ஆங், ஆங்-ன்றாரு" என்று சேர்த்துக்கொள்வார். இந்த இரண்டு வாக்கியங்களுக்குள்ளேயே நோயின் நிர்ணயம் முக்கால் பாகம் அடங்கியிருக்கிறது; ஆயினும் அதைக் கேட்டறியும் செவி ஓர் இளம் மருத்துவருக்கு எளிதில் வாய்த்துவிடுவதில்லை. எம்.பி.பி.எஸ். முடித்து, நுழைவுத் தேர்வெழுதி, எம்.எஸ். இ.என்.டி. என்னும் 3 ஆண்டுப் பட்டமேற்படிப்பில் சேர்ந்து, மருத்துவமனை விடுதியே வீடாக வாழ்கிற அந்த 'பி.ஜி.'யின் கல்வியே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

அந்தக் கல்வி கத்தியில் தொடங்குவதில்லை, இசைக்கவையில் தொடங்குகிறது. 1711-இல் ஜான் ஷோர் என்னும் எக்காள வாத்தியக்காரர் வாத்தியங்களுக்குச் சுருதி சேர்ப்பதற்காகச் செய்த இரட்டைக் கிளை இரும்பு, வைத்திய சாஸ்திரத்துக்குள் புகுந்து இருநூறு ஆண்டுக்கு அணித்தாகிறது. விநாடிக்கு 512 தடவை அதிரும் கவையைத் தட்டி, அதன் அடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் ஊன்றி, ஓசை அடங்கிவிட்டது என்று நோயாளி சொன்ன கணத்தில் எடுத்துக் காதின் வாயிலுக்கு முன் பிடித்தால், நல்ல செவிக்கு அது மறுபடியும் கேட்கும். ஏனென்றால் செவிப்பறையும் அதன் பின்னுள்ள மூன்று சிற்றெலும்புகளும் காற்றின் அதிர்வைப் பெருக்கி உள்ளே அனுப்புகின்றன. அந்தப் பாதையில் அடைப்போ ஓட்டையோ இருந்தால், எலும்பின் வழியாகக் கேட்ட ஓசை காற்றின் வழியாகக் கேட்காது. 1855-இல் ரின்னே விவரித்த பரீட்சை இது. 1834-இல் வெபர் விவரித்ததோ, கவையை நெற்றி நடுவே வைத்து, ஓசை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்பது: பாதை அடைபட்டிருந்தால் பழுதுள்ள காதின் பக்கமும், நரம்பு தளர்ந்திருந்தால் நல்ல காதின் பக்கமும் சாயும். சில ரூபாய் பெறுமானமுள்ள ஓர் இரும்புத் துண்டு, ஓசை செல்லும் வழி பழுதா, ஓசையை உணரும் இந்திரியமே பழுதா என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறது. இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொண்டால் இனி வருபவை எல்லாம் விளங்கும். முதல் பழுதைக் கத்தி தீர்க்கும், இரண்டாவதைத் தீர்க்காது.

முதலாண்டு பி.ஜி.யின் நாள் விடிவதற்கு முன்னே தொடங்குகிறது. வார்டில் ஒவ்வொரு நோயாளியின் கட்டையும் பிரித்துப் பார்த்து, கேஸ் ஷீட் எழுதி, பேராசிரியர் வருவதற்குள் எல்லாம் ஆயத்தமாக வைத்து, பிறகு புறநோயாளிப் பிரிவில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளில் மத்தியானம் வரையில் தலை நிமிர நேரம் இராது. காதழுக்கை எடுப்பது, சீழ் துடைப்பது, குழந்தை மூக்கில் போட்டுக்கொண்ட புளியங்கொட்டையைக் கொக்கியால் வெளியே கொண்டுவருவது, காதுக்குள் புகுந்த பூச்சியை முதலில் எண்ணெய் விட்டுக் கொன்றபின் எடுப்பது ஆகியவை யாவும் அற்பமான வேலைகளாகத் தோன்றும். ஆனால் ஒரு கண்ணால் பார்ப்பதுபோல் இரண்டு கண்ணாலும் ஒரு சிறு துவாரத்துக்குள் பார்த்து, வெளிச்சமும் பார்வையும் கருவியும் ஒரே கோட்டில் நிற்கும்படி கையைப் பழக்குகிற வித்தை, இந்த ஆயிரம் காதுகளில்தான் கைகூடுகிறது.

திருத்தணி மலையில் முடியிறக்கித் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துகிற குழந்தைகளின் காதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. நம் முன்னோர் துளையிடத் தேர்ந்த இடம் தோலும் கொழுப்புமாகிய கீழ்மடல். அங்கே குருத்தெலும்பு இல்லை. இப்போது நாகரிகத்துக்காக மேல்மடலில் குத்திக்கொள்ளும்போது, ரத்த ஓட்டம் குறைந்த குருத்தெலும்பில் கிருமி புகுந்துவிட்டால், மடலே கரைந்து சுருங்கிவிடும். அதைத் திரும்ப உருவாக்குவது எவ்வளவு பிரயாசை என்பதைப் புறநோயாளிப் பிரிவில் ஒரு வருஷம் உட்கார்ந்தவர்கள் நன்றாக அறிவார்கள்.

இரவில் வேறு விதமான கல்வி நடக்கிறது. வேர்க்கடலை விளையும் நம் நாட்டில், இரண்டு வயதுக் குழந்தை கடலையை வாயில் வைத்துக்கொண்டே சிரித்ததோ அழுததோ காரணமாக, அது உணவுக்குழாய்க்குப் பதிலாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடுகிறது. அகலமாகவும் நேராகவும் இருக்கும் வலப்புறக் கிளையிலேயே பெரும்பாலும் போய்த் தங்கும். முதலில் ஒரு கடும் இருமல், பிறகு ஓர் அமைதி. அந்த அமைதியில் ஏமாந்துபோகிற பெற்றோர் பலர். கடலையின் எண்ணெய் குழாயின் சுவரை உறுத்தி வீங்கச் செய்ய, இரண்டொரு நாளில் குழந்தை மூச்சுக்குத் திணறும். ஒளியுள்ள உலோகக் குழாயை வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் இறக்கி, இடுக்கியால் கடலையை எடுக்க வேண்டும். 1897-இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் குஸ்தாவ் கில்லியன் ஒரு குடியானவரின் மூச்சுக்குழாயிலிருந்து எலும்புத் துண்டை எடுத்துக் காட்டிய முறையின் வழி வந்தது இது. மயக்க மருத்துவரும் சத்திர வைத்தியரும் ஒரே மூச்சுக்குழாயைப் பங்கு போட்டுக்கொள்ளும் இந்தச் சிகிச்சையில், ஒருவர் கை அதிகமாகத் தங்கினால் மற்றவருக்கு வழியில்லை. குழந்தையின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியதும், கடலை கண்ணுக்கெதிரே இருந்தாலும் விட்டுவிட்டுப் பின்வாங்கி, மூச்சுக்கு இடம் கொடுத்து, மறுபடி நுழைய வேண்டும். கைக்கெட்டியதை விட்டு விலகும் அந்த மனவுறுதியை எந்தப் புஸ்தகமும் கற்பிக்க இயலாது. இரவு இரண்டு மணிக்கு, மூத்த பி.ஜி.யின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே அது கற்கப்படுகிறது.

2021-ஆம் ஆண்டு மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாம் அலையைத் தொடர்ந்து கருப்புப் பூஞ்சை பரவி, தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகப் பிரகடனம் செய்தபோது, அந்தப் பூஞ்சை முதலில் மூக்கில் புகுந்து, முகவெலும்பின் காற்றறைகளை அழித்து, கண்ணுக்கும் மூளைக்கும் ஏறுவதாகையால், அதை எதிர்கொண்ட முன்னணிச் சேனை காது மூக்கு தொண்டைப் பிரிவாகவே இருந்தது. அந்த வருஷத்தில் பயிற்சியில் இருந்தவர்கள், மற்ற ஆண்டுகளில் சிறுகச் சிறுகப் பழகும் மூக்கு உள்நோக்கிச் சிகிச்சையை, உயிர்க் காப்பாக இரவு பகலாகச் செய்து கற்றார்கள். அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது என்று நான் மனப்பூர்வமாக எண்ணுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் கைக்குக் கத்தி வருகிறது: உள்நாக்குச் சதை, மூக்கின் நடுச்சுவர், கழுத்தில் மூச்சுக்குழாயைத் திறக்கும் சிகிச்சை. ஆனால் இந்தத் துறையின் கர்ப்பக்கிருகம் என்று சொல்லத் தகுந்தது, காதைத் தன்னுள் அடக்கிய பொட்டெலும்பு. அந்த எலும்பை உயிருள்ளவரிடம் தொடுவதற்கு முன், பிரேத எலும்பை ஒரு கிண்ணத்தில் பொருத்தி, நுண்நோக்கியின் கீழ், சுழலும் துளைக்கருவியால் முட்டை ஓட்டைச் சீவுவதுபோல் மணிக்கணக்கில் சீவிப் பழக வேண்டும். எலும்புகள் போதாத இடங்களில் ஆட்டுத் தலையைக் கொண்டும் அப்பியாசம் செய்விக்கிறார்கள். முகத்தின் தசைகளை எல்லாம் ஆட்டுவிக்கும் நரம்பு, இந்த எலும்பின் குடைவுக்குள்ளே வளைந்து வளைந்து செல்கிறது. எலும்புக்குள் இவ்வளவு நெடிய வழி செல்லும் நரம்பு உடலில் வேறில்லை. கருவியின் முனை அரை மில்லிமீட்டர் தவறினால், ஒரு மனிதர் தம் ஆயுள் முழுதும் ஒரு பக்கத்துக் கண்ணை மூட மாட்டார், ஒரு பக்கத்து உதட்டால் சிரிக்க மாட்டார். ஆகையால் நரம்பை அணுகும்போது பற்களுள்ள முனையை மாற்றி வைரத்துகள் பதித்த முனையை இட்டு, சூட்டால் நரம்பு வெந்துபோகாமல் இடைவிடாது நீர் வார்த்து, எலும்பு மெலிய மெலிய அதன் நிறம் மாறுவதைக் கொண்டே நரம்பின் சமீபத்தை அறிகிறார்கள். நரம்பை விட்டு ஒதுங்கி வேலை செய்வது பாதுகாப்பென்று புதியவர் நினைப்பார். அதைத் தேடிக் கண்டறிந்து, அதன் இருப்பிடத்தை நிச்சயப்படுத்திக்கொண்டு வேலை செய்வதே பாதுகாப்பு என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

இந்தக் குடைவுக்குள்ளேதான் அங்கவடி எலும்பு இருக்கிறது. உடலின் எலும்புகளில் எல்லாம் சிறியது. சுமார் 3 மில்லிமீட்டர் உயரம், 3 மில்லிகிராம் எடை, ஓர் அரிசிமணியை விட மிகக் குறைவு. செவிப்பறையின் பரப்போடு ஒப்பிட்டால் இதன் அடித்தகட்டின் பரப்பு சுமார் 17-இல் 1 பங்கு. பெரிய பரப்பில் விழும் அழுத்தம் சிறிய பரப்பில் குவிவதாலும், சிற்றெலும்புகளின் நெம்புகோல் விசையாலும், காற்றின் மெல்லிய அதிர்வு உட்செவியின் நீரை அசைக்கும் வலிமை பெறுகிறது. இந்த அடித்தகடு இறுகிப்போய் அசையாமல் நின்றுவிடும் ஒரு வியாதியில், உட்செவி பழுதின்றியிருந்தும் மனிதர் செவிடாகிறார். 1952-இல் நியூயார்க்கில் சாமுவேல் ரோசன் அதை அசைத்து விடுவித்தார். ஆனால் பலருக்கு அது மீண்டும் இறுகியது. 1956 மே மாதத்தில் மெம்பிஸ் நகரத்து ஜான் ஷே, அந்த எலும்பையே நீக்கி, டெஃப்லானால் செய்த செயற்கை எலும்பை வைத்தார். அதற்குச் சற்று முன், 1953-இல் ஸைஸ் நிறுவனத்தின் இருகண் நுண்நோக்கி வெளிவந்திராவிட்டால் இத்தகைய சிகிச்சை எங்கும் பரவியிராது. இப்போது அடித்தகட்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையிட்டு, அதில் ஒரு சின்னஞ்சிறு உலக்கையைப் பொருத்துகிறார்கள். இதைப் பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டே செய்வதால், நோயாளி விழித்திருப்பார். உலக்கை பொருந்திய கணத்தில் அறையில் கருவிகள் வைக்கும் சத்தம் திடீரென்று கேட்க, துணிக்கடியிலிருந்து அவர், "கேக்குது சார்" என்பார். பார்த்துக்கொண்டிருக்கும் பி.ஜி.க்கு, இந்தத் துறையைத் தேர்ந்ததற்கு அந்த ஒரு சொல் போதும்.

செவிப்பறையில் ஓட்டை விழுந்து ஆண்டுக்கணக்கில் சீழ் வடியும் காதுகளும் அவ்வாறே தீர்வுடையவை. பொட்டுத் தசையின் மேலுறையிலிருந்து மெல்லிய சவ்வொன்றை எடுத்து ஓட்டையை மூடுகிறார்கள். நம் கிராமங்களிலிருந்து வரும் குழந்தைகளில் இந்தச் சீழ்க்காது இன்னும் மலிந்தே இருக்கிறது.

இத்தனை வெற்றிகளைக் கண்ணால் கண்டு, கையும் தேறி, எதையும் சரிசெய்யலாம் என்னும் உற்சாகத்தோடு இருக்கிற நேரத்தில்தான், அந்த இளம் மருத்துவர் நம் நெசவாளியைச் சந்திக்கிறார். 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு பட்டமேற்படிப்பு மாணவரும் தம் கல்லூரியை விட்டு 3 மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் சேவை செய்ய வேண்டும். இந்த விதியை நான் மிகவும் போற்றுகிறேன். பெருநகரத்து மருத்துவமனைக்கு வருவது நோய் மட்டுமே, நோயைப் பிறப்பித்த தொழிலும் வீடும் தெருவும் அங்கே வருவதில்லை. திருத்தணி போன்ற ஓர் ஊரில் உட்கார்ந்தால், காலையில் வந்த ஐந்து பேரில் மூவர் ஒரே விதமாகச் சொல்வதும், மூவரும் தறிக்காரர்கள் என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

இசைக்கவையைத் தட்டினால் நெசவாளிக்கு இரண்டு காதிலும் ரின்னே சரியாகவே வருகிறது. வழி திறந்திருக்கிறது; பறை முழுமையாயிருக்கிறது; எலும்புகள் அசைகின்றன. கேட்கும் திறனை அளக்கும் கேள்விமானியில் வரைந்த கோடு, தாழ்ந்த சுருதிகளில் நேராக ஓடி, 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் விழுந்து, 8,000-இல் சற்றே ஏறுகிறது. ஓசையால் கெட்ட செவியின் கையெழுத்து அது. அந்தப் பள்ளம் அங்கேயே விழுவதற்கு ஒரு காரணம், சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள நம் செவிக்குழாய், ஒரு பக்கம் மூடிய குழல் வாத்தியத்தைப் போல, 3,000 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள ஓசைகளைப் பெருக்கிவிடுவது. சேதம் அதற்குச் சற்று மேற்பட்ட சுருதியை உணரும் இடத்தில் விளைகிறது. உட்செவியின் நத்தைச் சுருளில் ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம் உண்டு என்பதையும், அலை அதன் வழியே எவ்வாறு பயணம் செய்கிறது என்பதையும் கண்டறிந்த பெக்கேஸிக்கு 1961-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அந்தச் சுருளில், ஓசையை உணரும் மயிரணுக்கள் காது ஒன்றுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. பிறக்கும்போது பெற்றவை அவ்வளவே. கோழிக்கும் குருவிக்கும் அவை அழிந்தால் மீண்டும் முளைக்கும் என்று 1980-களில் கண்டார்கள், மனிதருக்கு முளைப்பதில்லை.

உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்த சுருதியிலும் வலிமையோடும் அமைந்தது. வல்லின மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியச் செய்யும் நுண்கூறுகளோ உயர்ந்த சுருதியில் மெலிந்து கிடப்பவை. ஆகவே பேரப்பிள்ளை 'கடை' என்றாலும் 'தடை' என்றாலும் 'படை' என்றாலும், தாத்தாவின் காதில் விழுவது ஏறக்குறைய ஒரே ஓசை. அவர் சொன்னது முற்றிலும் சரி: கேட்கிறது, புரியவில்லை.

தொழிலால் செவி கெடும் என்பது புதிய ஞானம் அன்று. இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி, வெனிஸ் நகரத்துச் செம்புக்கொட்டிகள் செவிடாவதை முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். 1886-இல் கிளாஸ்கோவின் தாமஸ் பார், நீராவிக் கொதிகலன் செய்யும் தொழிலாளரின் செவிகளைப் பரிசோதித்து வெளியிட்டார். ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது நம் நாட்டுத் தொழிற்சாலை விதி குறித்த எல்லை. டெசிபல் கணக்கில் மூன்று கூடினாலே ஓசையின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. நாடாத் தறிகள் நிறைந்த கொட்டகை அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். வீட்டோடு சேர்ந்த சிறு கொட்டகைகளுக்குள் தொழிற்சாலைச் சட்டத்தின் கை பெரும்பாலும் எட்டுவதுமில்லை.

இத்தனை நாள் கத்தியைக் கற்றவர், கத்திக்கு இங்கே வேலையில்லை என்று அந்த முதியவரிடம் சொல்லியாக வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்பதும் பயிற்சியின் ஒரு பாகம். என் அபிப்பிராயத்தில் அதுவே கடினமான பாகம். "வயசாச்சு, அப்படித்தான்" என்று அனுப்பிவிடுவது சுலபம். நல்ல ஆசிரியரிடம் பயின்றவர் அவ்வாறு செய்வதில்லை. முகத்தைப் பார்த்து, உரக்கக் கத்தாமல் நிறுத்தி நிதானமாக, "ஐயா, போன கேட்கும் சக்தி திரும்ப வராது, இருக்கிறதைக் காப்பாத்தலாம்" என்று சொல்லி, காது கேட்கும் கருவிக்கு வழிகாட்டி, வீட்டில் தறி ஓட்டும் மகனையும் மருமகளையும் அடுத்த வாரம் அழைத்து வரச் சொல்வார். பிறவியிலேயே கேளாத குழந்தை அந்த வீட்டில் இருந்தால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் உட்செவியில் மின்முனைக் கருவி பொருத்தலாம் என்பதையும், மூளை பேச்சைக் கற்கும் பருவம் கடந்துவிட்டால் அதே கருவியால் பயன் குறைவு என்பதையும் சொல்லியனுப்புவார். அக்காள் மகளை மணக்கும் வழக்கம் இன்னும் மறையாத நம் குடும்பங்களில், பெற்றோர் இருவரிடமும் ஒளிந்திருந்த ஒரே மரபணுப் பழுது குழந்தையிடம் கூடிவிடுவதற்கு இடம் அதிகம். ஆகவே வீட்டில் அப்படியொரு குழந்தை உண்டா என்று அவர் கேட்காமல் விடுவதில்லை.

பொதட்டூர்பேட்டையிலும் அதைப் போன்ற தறி ஊர்களிலும் இதைப் படிக்கிறவர்களிடம் என் விண்ணப்பம் ஒன்று உண்டு. தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்த பின்னும் காதில் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தால், அல்லது உலகம் சற்று நேரம் பஞ்சு பொதிந்ததுபோல் மந்தமாகக் கேட்டால், அது மயிரணுக்கள் களைத்திருப்பதன் அடையாளம். மறுநாள் காலையில் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாமல், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் கேள்விப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், ஆண்டுக்கு ஒரு முறை திரும்பவும் செய்துகொள்ளுங்கள். கைக்கருகே கிடக்கும் பஞ்சைத் திணித்துக்கொள்வதால் ஓசை குறைவது மிகச் சொற்பம். விரல்களுக்கிடையே உருட்டிச் செருகினால் உள்ளே விரியும் நுரை அடைப்பானை வாங்கி வேலை நேரம் முழுதும் அணியுங்கள். குழந்தையின் தொட்டிலைத் தறி ஓடும் அறையில் கட்டாதீர்கள்.